விபூதிப் புதனுக்கு மறுநாள் வந்த கறுப்பு மாடு

“15 பெப்ரவரி 2024, வியாழக்கிழமை. விபூதிப் புதனுக்கு மறுநாள். காற்று, மழை இல்லை. மச்சானின் கடைக்குக் கறுப்பு மாடு வந்திறங்கியது. பிந்திவிட்டது.”

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். எதையும் திகதியோடு எழுதிவைக்கும் பழக்கம் பள்ளிக்கூட நாள் முதல் எனக்கு உண்டு. சிசிலியின் பலெர்மோவுக்கு வந்தபின் அது இன்னும் கூடியது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனால் எந்தத் திகதியை எப்போது கேட்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பதிவில் ‘பிந்திவிட்டது’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்ததை அன்றைக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மச்சான் என்பது என் மனைவியின் தம்பி. மன்னார்க்காரர். நகரின் சீசாப் பகுதியில் ஓர் இறைச்சிக் கடையில் வெட்டுகிற வேலை. காலை நேரத்துக்கு மட்டும்தான் கொன்த்ராத்தோ என்கிற வேலை ஒப்பந்தம். பின்னேரங்களில் கிடைத்த இடத்தில் மாபிள் தரை துடைப்பார். மனைவியும் மகளும் மன்னாரில். அவர்களைக் கூப்பிட வேண்டுமானால் பிரெஃபெத்தூரா என்ற அரச அலுவலகத்துக்கு முழுநாள் வேலையின் ஒப்பந்தம் காட்ட வேண்டும். அரைநாள் கடதாசியோடு ஒரு தடவை விசாரித்துப் பார்த்தார். அங்கிருந்த பெண் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாக மடித்துத் திரும்பக் கொடுத்தாராம். அதன்பிறகு மச்சானுக்கு நாள் முழுக்க வேலை என்பது சம்பளத்தைப் பற்றிய விஷயமாக இருக்கவில்லை.

மாட்டிறைச்சிக்குள் இத்தனை பிரிவு இருப்பதை நான் மச்சான் வாயிலாகத்தான் அறிந்தேன். சீசாவில் வீட்டுச் சமையலுக்கு வாங்கும் பெண்களுக்கு இறைச்சி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கொழுப்பு வெள்ளையாக, ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு. அதைக் கடதாசி போல வெட்டுவித்து, ரொட்டித்தூளில் புரட்டிச் சுடுவார்கள். அல்லது உள்ளே எதையாவது வைத்துச் சுருட்டிக் கம்பியில் குத்துவார்கள். அதற்கென்று பிரான்சில் பிறந்து வட இத்தாலியில் கொழுக்கவைத்த லிமுசின் இன மாடு வருகிறது. நகர நடுவில் வியா மக்வேதாத் தெருவின் உணவகங்களில் உல்லாசப் பயணிகள் தொஸ்கானாவின் வெள்ளை மாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், கியானினா என்று, எலும்போடு தடிப்பான துண்டாக. நகரின் ஓரத்திலுள்ள பிரான்காச்சோவில் இனத்தை யாரும் கேட்பதில்லை. விலையைக் கேட்பார்கள். பால் வற்றிய மாடுகளும் வெளிநாட்டில் பிறந்த கலப்பு மாடுகளும் அங்கே போகும்.

எங்கள் ஆட்களுக்கு வேண்டியது வேறு. வயது போன, புல் மேய்ந்த மாடு, எலும்போடு. லிமுசினைக் கறி வைத்தால் வறுத்த தூள் குழம்போடு சேருமுன்னமே இறைச்சி கரைந்துவிடும். ‘பஞ்சு’ என்பார்கள். கடையில் வாங்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டில் சாப்பிடும்போது சொல்வார்கள்.

பலெர்மோவுக்கு மேற்கே மலைகளில் அப்படி ஒரு மாடு இருக்கிறது. கறுப்பு, நிமிர்ந்த கொம்பு. சினிசாரா என்று பெயர். பாற்கட்டிக்காக வளர்க்கிறார்கள், பால் வற்றியபின் இறைச்சிக்கு. புல் மேய்வதால் கொழுப்பு மஞ்சள், இறைச்சி கருஞ்சிவப்பு. அந்த மஞ்சளைக் கண்டால் சீசாவில் யாரும் தொடமாட்டார்கள்.

கடை முதலாளியின் மனைவிக்கு அந்த மலையில் மாடு வளர்க்கும் உறவினர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு மாடு விலையேறிக்கொண்டிருந்த காலம் அது. ஜனவரியில் ஒருநாள் முதலாளி இதைப் பற்றிப் புலம்ப, மச்சான் சொல்லியிருக்கிறார்: கறுப்பு மாட்டை எடுங்கள், முன்பாதி முழுவதையும் எங்கள் ஆட்கள் எடுப்பார்கள். முதலாளி நம்பவில்லை. கழுத்து, நெஞ்செலும்பு, விலா எல்லாமா என்று கேட்டிருக்கிறார். எல்லாம், எலும்போடு, என்றார் மச்சான். அப்போதுதான் முதலாளி அந்த வார்த்தையைக் கொடுத்தார். ஒரு மாடு மிச்சமில்லாமல் போனால் மாதம் ஒன்று எடுப்பேன். மாதம் ஒன்று எடுத்தால் அதை வெட்ட நீ நாள் முழுக்க இங்கே நிற்க வேண்டும். அதைக் கடதாசியில் எழுதித் தருவேன்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தமிழ்ப் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது மச்சான் வாசலில் நிற்பார். தவக்காலம் தொடங்குமுன் வரும் கடைசி ஞாயிறு எங்கள் வீடுகளில் இறைச்சிக்கு விடைகொடுக்கும் நாள். பெரிய பானை ஏறும். அந்த ஞாயிற்றுக்குத்தான் ஓர்டர் எடுத்தார். மாதா சபையை நடத்துகிற அன்ரி ஒருவர் தன் வீட்டுக்கும், பிரான்காச்சோவில் இருக்கும் தன் உறவினர் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னார். அவர் சொன்னபின் மற்றவர்களும் சொன்னார்கள்.

மாடு வரவில்லை. மந்தைக்கு நோய்ப் பரிசோதனை எடுத்திருந்தார்கள். மிருக வைத்தியரின் முடிவு வரும்வரை எந்த மாட்டையும் வெளியே கொண்டுபோக முடியாது. முடிவு வந்து, மாடு வெட்டப்பட்டு, கடைக்கு வந்த நாளைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

சிசிலிக்காரருக்குத் தவக்காலம் என்றால் வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. எங்கள் ஆட்களுக்கு விபூதிப் புதனிலிருந்து பாஸ்கா என்கிற உயிர்த்த ஞாயிறுவரை இறைச்சி தொடாத சுத்தபோசனம். இரண்டு பேரும் கத்தோலிக்கர் என்பதால் மற்றவர் எப்படிக் கடைப்பிடிக்கிறார் என்று இருவருமே கேட்டதில்லை.

அந்த வியாழக்கிழமை நான் வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் படி கழுவிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. மச்சான் கடை உடுப்போடு வந்து ஈரப்படியில் ஏறாமல் கீழே நின்றார்.

“வந்திட்டுது, அத்தான்.”

“என்னது?”

“மாடு. முழுசா. குளிர் அறையிலை தொங்குது.”

“முதலாளிக்குத் தவக்காலத்தைப் பற்றிச் சொன்னனீரோ?”

“இல்லை.”

“ஏன்?”

“கல்லாவுக்கு மேலை மாதா படம் வைச்சிருக்கிறார். ராவும் பகலும் லைற் எரியுது. அந்தாளுக்குத் தெரியாதெண்டு நான் எப்பிடி நினைக்கிறது? விபூதிப் புதனுக்குப் பிறகு வருமெண்டு போனிலை சொன்னவர். நானும் பாஸ்காவுக்கு ஏதோ பதப்படுத்தித்தான் வைக்கப் போறார் எண்டு நினைச்சன். இண்டைக்குக் கேக்கிறார், உன்ரை ஆட்கள் சனிக்கிழமை எத்தினை மணிக்கு வருவினமெண்டு.”

“இப்பவாவது சொல்லலாமே.”

“தொங்கிற மாட்டுக்கு முன்னாலை நிண்டு எப்பிடிச் சொல்லுறது?”

நான் தண்ணீர் வாளியை ஓரமாக வைத்தேன். அவருடைய மனைவி அந்த வாரம்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்திருந்தார். படத்தை எங்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். பிள்ளை காது தெரியவேண்டும் என்று தலைமயிரை இழுத்துக் கட்டியிருந்தது.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. கடைக்குப் போய் ஓரமாக நின்றேன். முதலாளி கறுப்புப் பலகையில் வெண்கட்டியால் ‘சினிசாரா, எங்கள் மலையிலிருந்து’ என்று எழுதியிருந்தார். நல்ல எழுத்து. கண்ணாடிப் பெட்டிக்குள் வலது பக்கம் லிமுசின், இடது பக்கம் கறுப்பு மாடு. வந்தவர்கள் எல்லாரும் வலது பக்கம் நின்றார்கள். வழக்கமாக வரும் ஒரு சிஞ்ஞோரா, சிசிலிக்கார அம்மா ஒருவர், மட்டும் இடது பக்கம் குனிந்து பார்த்தார். அவர்கள் பேசியது இத்தாலியனில்; நான் தமிழில் எழுதுகிறேன்.

“இதுக்கென்ன, மஞ்சள்காமாலையா?”

“புல் மேய்ந்தது, சிஞ்ஞோரா. நிறம் புல்லில் இருந்து வருகிறது.”

“புல் மேய்ந்ததா, பென்ஷன் எடுத்ததா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார், ஆனால் கையைத் துடைத்த துணியை மறுபடியும் எடுத்துத் துடைத்தார். சிஞ்ஞோரா வழக்கமானதை வாங்கிக்கொண்டு போனார்.

பதினொரு மணிபோல அன்ரி தெருவின் எதிர்ப்பக்கத்தில் கீரைப் பையோடு வந்தார். கடைக்கு நேரே வரும்போது போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரோடும் பேசவில்லை, உதடு அசையவே இல்லை. கடையைத் தாண்டியதும் போனைப் பைக்குள் போட்டார்.

“அந்த அம்மா உன் ஆள்தானே?” என்றார் முதலாளி. “பெரிய ஓர்டர் என்று சொன்னாயே?”

“ஓம்” என்று மச்சான் தமிழில் சொல்லிவிட்டு, “ஸி” என்றார்.

“ஏன் நடந்து போகிறாள்?”

“பஸ் பிடிக்க.”

முதலாளி கதவுவரை போய் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடம் எதுவும் இல்லை.

மறுநாள் பூசை முடிந்ததும் மச்சான் அன்ரியை மறித்தார். அன்ரி ஒளிக்கவில்லை.

“தம்பி, குறை நினையாதேங்கோ. நான் மாடு வேண்டாமெண்டு சொல்லேல்லை.”

“ஓர்டர் தந்தனீங்கள், அன்ரி.”

“ஞாயிற்றுக்கிழமைக்குத் தந்தனான். ஞாயிறு வந்தது, மாடு வரேல்லை. சட்டியை வைச்சுக்கொண்டு காத்திருந்து போட்டுக் கோழி காச்சினனாங்கள். இனி பாஸ்காவுக்குத்தான்.”

“அதுவரைக்கும் இறைச்சி கிடவாது.”

“அதுக்கு நான் என்ன செய்ய? இயேசு நாற்பது நாள் இருந்தவர். நான் உங்கட மாட்டுக்காக ஒரு கிழமையோடை முடிக்கவோ?”

நான் வாசித்த அளவில் திருச்சபைச் சட்டம் கேட்பது விபூதிப் புதனும் வெள்ளிக்கிழமைகளும்தான். மீதி நாட்கள் எங்கள் வழக்கம். அதை மச்சானிடம் சொல்லியிருந்தேன். சொன்னது பிழையாகப் போயிற்று. அவர் என்னையும் இழுத்துக்கொண்டு பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பாதரிடம் போனார்.

“பாதர், வெள்ளிக்கிழமை மட்டும்தானே சட்டம்?”

“ஓம்” என்றார் பாதர். “ஆர் சொன்னது, உங்கட அத்தானோ?”

“அதை அடுத்த ஞாயிறு ஒருக்கால் பிரசங்கத்திலை சொன்னியளெண்டா...”

பாதர் உடுப்பை மடித்து முடித்தார். பிறகு, “எவ்வளவு கிடக்கு?” என்று கேட்டார்.

“முழு மாடு, பாதர்.”

“ஒரு காலெண்டாலும் யோசிச்சிருப்பன்” என்றார். “முழு மாட்டுக்காக நான் பீடத்திலை நிண்டு இறைச்சி தின்னுங்கோ எண்டு சொன்னா, அன்ரி அடுத்த பஸ்ஸிலை ஆயரிட்டைப் போவா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “முதலாளிக்குச் சொன்னியளோ?”

மச்சான் மடித்த உடுப்பை எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

“முதலிலை அவருக்குச் சொல்லுங்கோ. தன்ரை இறைச்சி ஏன் கிடக்குதெண்டு தெரியாமல் அந்த மனுசன் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

திங்கட்கிழமை காலை மச்சான் சொன்னார். நான் அங்கே இருக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். குளிர் அறைக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறார். முதலாளி கழுத்துப் பக்கத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். கேட்டுவிட்டு, “நாற்பது நாளுமா?” என்றாராம். “பிறந்ததிலிருந்து நான் கத்தோலிக்கன். இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை.” பிறகு, பின்பாதி இன்னும் தாங்கும், முன்பாதி இந்த வாரம் தாண்டாது, வியாழக்கிழமையே சொல்லியிருந்தால் அன்றைக்கே தள்ளியிருப்பேன், என்றாராம். கோபப்படவில்லை.

“கொன்த்ராத்தோவைப் பற்றி?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்லை.”

“ஒண்டுமே?”

“அதைத்தான் சொல்லுறன், அத்தான். ஒண்டுமே சொல்லேல்லை.”

இதை நாங்கள் பேசிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுப் படியில். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவர் மொரீசியஸ் நாட்டவர். தமிழ் வழி வந்த இந்து. தேவாரம் சொல்வார், தமிழ் பேச வராது, எங்களோடு இத்தாலியன்தான். வியா மக்வேதாவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை. மாட்டிறைச்சியை வாயில் வைத்தது கிடையாது. நாள் முழுக்க உல்லாசப் பயணிகளுக்கு அதைத்தான் சுடுகிறார். வெந்த பதத்தை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வார். என் மனைவி நடந்ததைச் சொன்னதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உங்களுக்கு நாற்பது நாள், எங்களுக்கு எல்லா நாளும். அந்த மாடு நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பிறந்திருந்தால் கிழவியாகித்தான் செத்திருக்கும்.”

“கிழவியாகித்தான் செத்தது” என்றார் மச்சான். “அதுதான் பிரச்சினை.”

மேல்வீட்டுக்காரர் சிரிப்பை நிறுத்தினார். “எவ்வளவு கிழவி?”

மச்சான் சொன்னார்.

“கொழுப்பு மஞ்சளா?”

“மஞ்சள்.”

“எங்கள் உணவகத்துப் பத்ரோனே இதைத்தான் ஸ்பெயினிலிருந்து எடுக்கிறார்” என்றார். “கிழட்டு மாட்டின் முதுகு. கண்ணாடிப் பெட்டிக்குள் வாரக்கணக்கில் தொங்கவிட்டு, கியானினாவை விடக் கூடுதலாக விற்கிறார். உங்கள் முதலாளியிடம் அதை வெட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைக்கு எங்கள் பத்ரோனேயைக் கூட்டிவருகிறேன்.”

செவ்வாய் மத்தியானம் உணவகக்காரர் வந்தார். நானும் போயிருந்தேன். முதுகுப் பக்கக் கொழுப்பைக் கட்டைவிரலால் அழுத்தினார், முகர்ந்தார், ஒரு நகக்கண் அளவு வெட்டி வாயில் போட்டார். முதலாளி அவரைப் பார்க்காமல் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே தீட்டிய கத்தி.

“எந்த இனம்?”

“சினிசாரா” என்றார் முதலாளி.

“உறுதியா? என் மெனுவில் பெயர் போடவேண்டும். பெயர் இல்லாமல் யாரும் கேட்கமாட்டார்கள்.”

முதலாளி வெண்கட்டிப் பலகையைக் கையால் காட்டினார்.

எனக்கு அது போதாது என்று பட்டது. இங்கே மாட்டிறைச்சிச் சீட்டில் எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்று கட்டாயம் எழுதவேண்டும். இனத்தின் பெயரைப் போடுவதற்கு அதற்கென்று ஒப்புதல் பெற்ற ஒழுங்கு ஒன்று வேண்டும் என்று வாசித்திருக்கிறேன். வெளியே வந்ததும் மச்சானிடம் மெல்லச் சொன்னேன்.

“அத்தான்” என்றார், “உங்கட வாசிப்பை ஒரு கிழமைக்கு லீவிலை விடுங்கோ.”

முதுகு இரண்டும் உணவகத்துக்குப் போயின. தொடையை முதலாளி மெல்லியதாக வெட்டி, சொல்லாமலே விலையைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். முன்பாதிக்கு ஆள் இல்லை. புதன்கிழமை அதை எலும்பு நீக்கி, பிரான்காச்சோவில் அரஞ்சினா என்ற சோற்று உருண்டை பொரிக்கும் கடை ஒன்றுக்கு அரைத்த இறைச்சியாகக் கொடுத்தார்கள். அங்கே மஞ்சளா வெள்ளையா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த வாரம் அதைத் தின்றவர்கள் தாங்கள் எந்த மாட்டைத் தின்கிறோம் என்று கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

“எங்கட சனம் ஆசைப்பட்டுக் கேட்ட நெஞ்செலும்பு” என்றார் மச்சான். “நானே கழட்டி வாளியிலை போட்டனான்.”

கொன்த்ராத்தோவைப் பற்றி முதலாளி அதன்பிறகுதான் வாயைத் திறந்தார். பாஸ்காவுக்கு இன்னும் ஒரு மாடு எடுப்பேன், என்றார். உணவகக்காரர் முதுகை எடுப்பார். முன்பாதி உன் பொறுப்பு. அதுவும் தொங்கினால் முழுநாள் என்ற பேச்சை விடு. அரைநாளையும் யோசிக்க வேண்டிவரும்.

ஆக, மாசியில் கூடுதலாகக் கிடைக்கலாம் என்று இருந்தது, பங்குனியில் இருப்பதும் போகலாம் என்று ஆயிற்று. மச்சான் பின்னேர வேலைகளைக் குறைத்துக்கொண்டு பஸ் ஏறி வீடு வீடாகப் போனார். பிரான்காச்சோ அடுக்குமாடிகளில் லிப்ற் வேலை செய்யாத இடமெல்லாம் ஏறினார். எல்லாரும் ஓம் என்றார்கள். எங்களிடையே முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. தேத்தண்ணி கொடுத்து ஓம் சொல்வார்கள். அதனால் அந்த ஓம்களை வைத்துக்கொண்டு எதையும் கணிக்க முடியவில்லை. மன்னாரிலிருந்து அவர் மனைவி கேட்டால், “பாஸ்கா முடிய” என்பார். எதுவும் பாஸ்கா முடியத்தான்.

கடைசியில் அன்ரியிடம் போனார். இறைச்சி எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி, பாஸ்காவுக்கு முதல்நாள், பெரிய சனிக்கிழமை காலை, கடைக்கு முன்னால் வந்து நின்றால் போதும் என்று கேட்டார்.

“நான் வாறன்” என்றார் அன்ரி. “துறக்க முந்தியே வாறன். நீங்கள் மாட்டைப் பிந்தவிடாதேங்கோ.”

மார்ச் 30, பெரிய சனிக்கிழமை. மாடு முதல்நாளே வந்துவிட்டது. நான் போனபோது முதலாளி இரும்புக் கதவை ஏற்றிக்கொண்டிருந்தார். தெருவில் யாரும் இல்லை. மச்சான் முன்பாதியைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். முதலாளியின் மனைவி கல்லாவில் உட்கார்ந்தார். சிஞ்ஞோராக்கள் வந்து வலது பக்கம் நிற்கத் தொடங்கினார்கள். ஒருவர் சுருட்டுவதற்கு மெல்லிய துண்டு கேட்டார், இன்னொருவரும் அதையே கேட்டார். முதலாளி வெட்டினார். மச்சானுக்கு வெட்ட எதுவும் இல்லை. அவர் மேசையைத் துடைத்தார்.

பிறகு அன்ரி வந்தார். தனியாக.

முதலாளி அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். கதவில் யாரும் இல்லை. மச்சானைப் பார்த்தார்.

“மற்ற ஆட்கள், அன்ரி?” மச்சானின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“ஒரு பஸ்தான் வந்தது. என்னை முதலிலை ஏத்திவிட்டவை. நான் வந்து இடம் பிடிக்கட்டாம்.” அன்ரி இடது பக்கக் கண்ணாடிக்கு நேரே போய், பையைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் நின்றுகொண்டார். “வருவினம். நீங்கள் கத்தியை எடுங்கோ.”

அடுத்த பஸ் எப்போது வந்தது என்று நான் குறித்துவைக்கவில்லை. குறிக்கிற நிலையில் நான் இருக்கவில்லை. கதவு திறந்தது, ஒரு குடும்பம், பின்னால் இன்னொன்று, பிறகு கதவு மூடவே இல்லை. பிள்ளைகள் சிசிலிக்காரப் பிள்ளைகள் போல இத்தாலியனில் சண்டை பிடித்தார்கள். தாய்மார் கண்ணாடிக்கு மேலால் விரலை நீட்டி எலும்பைக் காட்டினார்கள்.

“தம்பி, கொழுப்பை வெட்டி எறியாதேங்கோ.”

“இறைச்சி எல்லாத்தையும் அன்ரிக்குக் குடுத்திட்டு எங்களுக்கு முள்ளந்தண்டோ?”

“எனக்குப் போட்டதிலை எலும்பு காணாது.”

எலும்பு போதாது என்று வாடிக்கையாளர் குறை சொல்வதை முதலாளி அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டிருக்கிறார். மச்சான் மொழிபெயர்த்ததும் அவர் நம்பாமல் மறுபடி கேட்டார். அன்ரி தன் பொதியைக் கையில் வாங்கி, நிறத்தைப் பார்த்தார்.

“இது அதே மாடோ?”

“அன்ரி, அது செத்து ஆறு கிழமை.”

“பகிடி விடாதேங்கோ. அதே இனமோ எண்டு கேட்டனான்.”

“ஓம், அதே இனம்தான்.”

காமாலை என்று சொன்ன சிஞ்ஞோரா வரிசையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும் வழக்கமானதைக் கேட்டார். பிறகு, இடது பக்கம் நாடியை நீட்டி, “அதிலும் ஒரு துண்டு. சாறு வைக்க” என்றார். “எலும்போடு.”

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அதற்கு அடுத்த திங்கட்கிழமை பலெர்மோவில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. வெளியே போய் இறைச்சி சுடுவார்கள். முதலாளி எங்களையும் அந்த மலைக்குக் கூட்டிப் போனார். மாடு வளர்க்கும் உறவினர் மதிலோரம் நெருப்பு மூட்டியிருந்தார். புகைக்குள் நின்றபடியே முதலாளி மச்சானிடம் சொன்னார்: “நாளைக்குக் கணக்காளரிடம் வா. முழுநாள்.” அவ்வளவுதான். மச்சான் தலையை ஆட்டிவிட்டு, கையில் இருந்த தட்டைக் கீழே வைக்க இடம் தேடினார். இடம் நிறைய இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. என் மனைவி வாங்கி வைத்தார்.

நான் வேலியோரம் போய் மாடுகளைப் பார்த்தேன். கறுப்புத்தான். ஆனால் ஒன்றிரண்டுக்கு வயிற்றோரம் பழுப்பு ஓடியது. பின்தொடை நான் படங்களில் பார்த்ததை விடத் தடிப்பு. உறவினர் பக்கத்தில் வந்து நின்றார். முதல் மாடு, அந்தப் பெப்ரவரி மாடு, சுத்த சினிசாராதானா என்று கேட்டேன்.

“தாய் பக்கம் சுத்தம்” என்றார். “தகப்பன் பக்கம்... பக்கத்து மலைக்காரன் அந்தக் காலம் ஒரு லிமுசின் காளை வைத்திருந்தான். நடுவில் வேலி இருந்தது. எல்லா வருஷமும் இருந்தது என்று சொல்லமாட்டேன்.”

மச்சான் எப்போது பின்னால் வந்தார் என்று தெரியவில்லை. ஒரு ரொட்டித் துண்டை என் கையில் அழுத்தினார்.

“அத்தான், அங்கை வந்து சாப்பிடுங்கோ. இஞ்சை நிண்டு வேலியைப் பற்றிக் கதைக்க வேண்டாம்.”

செவ்வாய்க்கிழமை கொன்த்ராத்தோ கையெழுத்தாயிற்று. அதை வைத்து விண்ணப்பம் போடப்பட்டது. அவர் மனைவியும் மகளும் அடுத்த ஆண்டுத் தவக்காலத்தின் முதல் கிழமையில் வந்து சேர்ந்தார்கள். மச்சான் அவர்களுக்கு அந்த மாட்டைக் காய்ச்சிக் கொடுக்க முடியாமல், மீன் காய்ச்சினார். மாதம் ஒரு கறுப்பு மாடு இப்போதும் வருகிறது. உணவகத்தின் மெனுவில் அந்தப் பெயர் அச்சில் இருக்கிறது. கடைப் பலகையில் வெண்கட்டியில் இருக்கிறது.

15 பெப்ரவரி 2024 அன்று வந்த மாட்டின் தகப்பன் எது என்பதை நான் சரிபார்க்கவில்லை. பதிவு எங்காவது இருக்கக்கூடும்; நான் கேட்கப் போகவில்லை. ஆகவே இந்தப் பதிவில் அதைச் சினிசாரா என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம், முதலாளி சொன்னபடி, என்று சேர்த்து வாசிக்கவும். உறுதி செய்யப்படவில்லை.